பதினெட்டுப் புள்ளி ஒன்பது

மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் விரிவுரையாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் ஏதாவது பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஓய்வுபெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வது ஆபத்தான காரியம், எங்களுக்கு நிறுத்தத் தெரியாது. அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சலிக்கிற இடத்தில் நீங்கள் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகலாம், நான் பார்க்கப் போவதில்லை.

உங்களில் ஒருவர் போன மாதம் கைப்பேசியில் அழைத்து ஒரு கேள்வி கேட்டீர்கள். வேதிவினைகளை வகைப்படுத்தும் பாடத்தில் பிள்ளைகள் திணறுகிறார்கள், சுருக்குவழி ஏதாவது இருக்கிறதா என்று. அப்போது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

சுருக்குவழி என்று தனியாக எதுவும் இல்லை. இருக்கிற வழியே சுருக்கமானதுதான். ஒவ்வொரு அணுவின் தலைமேலும் அதன் ஆக்சிஜனேற்ற எண்ணை எழுத வேண்டும். அம்புக்குறியின் இந்தப் பக்கமும் எழுத வேண்டும், அந்தப் பக்கமும் எழுத வேண்டும். ஏதாவது ஓர் அணுவுக்கு எண் மாறியிருந்தால் அது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை. ஒன்றும் மாறவில்லை என்றால் அது வேறு வகை. பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் திணறுவது இந்த எண்ணில் அல்ல. எண்ணை எழுதுமுன்பே அவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள், அங்கேதான் சிக்கல்.

சிதைவு வினை என்று பெயரைக் கேட்டதும் எல்லாச் சிதைவும் ஒரே சாதி என்று நினைத்துக்கொள்வார்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் சிதைகிறது, அதில் ஒரு எண்ணும் அசைவதில்லை. பொட்டாசியம் குளோரேட்டைச் சுட்டாலும் சிதைகிறது, அங்கே குளோரினின் எண் ஐந்திலிருந்து விழுந்து பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அப்புறம் நிறம். மஞ்சள் நிறக் குரோமேட்டில் இரண்டு சொட்டு அமிலம் விட்டால் ஆரஞ்சாக மாறும். உடனே வகுப்பே எழுந்து நின்று ஆக்சிஜனேற்றம் என்று கத்தும். குரோமியத்தைக் கேட்டால் முன்னாலும் நான் கூட்டல் ஆறுதான், பின்னாலும் கூட்டல் ஆறுதான் என்று சொல்லும்.

கண்ணை நம்பாதே, எண்ணைப் பார் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். அப்படி எழுதிய நானே ஒருநாள் கண்ணை நம்பினேன். என் பணிப் பதிவேட்டில் ஒரே ஒரு குறிப்பாணை உண்டு, தவறு செய்ததற்கு வந்த மெமோ. அது வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். வெட்கம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். நீங்கள் எல்லோரும் இன்னும் சில மாதங்களில் அதே தேர்வாளர் மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறீர்கள்.

அப்போது நான் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருந்தேன். செய்முறைத் தேர்வு மாசி மாதத்தில் வந்தது. நம் ஊரில் மாசிமகத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும். சாமிகள் எல்லாம் கடலுக்குப் போகும் நாளில் யார் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது? எங்கள் பள்ளிக்குத் தேர்வு மாசிமகத்துக்கு மறுநாள் காலை. அதனால் கரைசல்களை முந்தின நாளே தயார் செய்ய முடியாது, அதற்கும் முந்தின நாள் மாலையே செய்து வைத்துவிட வேண்டும்.

அந்த மாலையில் பெரிய கண்ணாடிப் புட்டியில் இரும்பு உப்பைக் கரைத்தேன். பச்சை நிறப் படிகம், இரும்பு அதில் கூட்டல் இரண்டு நிலையில் இருக்கும். பிள்ளைகள் இந்தக் கரைசலை இருபது மில்லி எடுத்து, பர்மாங்கனேட்டை மேலிருந்து சொட்டு சொட்டாக விட்டு, எத்தனை மில்லியில் இளஞ்சிவப்பு நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். பர்மாங்கனேட் இரும்பை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றிவிடும். ஏற்கெனவே மூன்றுக்குப் போய்விட்ட இரும்போடு அதற்கு எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. இரும்பு புட்டியில் இருக்கும்போதே காற்றுப்பட்டு மூன்றுக்குப் போய்விடாமல் இருக்க, புட்டியில் கந்தக அமிலம் கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும். இது ஆய்வகத்தில் கால் வைத்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது.

நான் உப்பைக் கரைத்ததும் நானே ஒரு முறை அளந்து பார்த்தேன். இருபது புள்ளி ஒன்று மில்லி பர்மாங்கனேட் இறங்கியது. அளக்கும்போது, கரைசலை எடுத்து வைத்த சின்னக் குடுவையில் அமிலம் விட்டுத்தான் அளப்போம், விட்டேன். அதற்குள் வெளித்தேர்வாளர் தங்க இடம் பேச வேண்டும் என்று தலைமையாசிரியை கூப்பிட்டார். பேசி முடித்துத் திரும்பினால் ஐந்தரை மணி. என் வீடு இருந்த விழிதியூருக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று ஓட்டுநருக்கே தெரியாது. அமிலம் விட்டோமா என்று ஒரு கணம் யோசித்தேன். விட்ட ஞாபகம் கையில் இருந்தது. பூட்டிவிட்டுக் கிளம்பினேன். கைக்கு ஞாபகம் இருந்தது குடுவையில் விட்ட அமிலம். புட்டியில் விடவே இல்லை.

தேர்வன்று காலை ஏழே முக்காலுக்குக் கதவைத் திறந்தால் புட்டி கலங்கிக் கிடக்கிறது. அடியில் செம்மண் கரைத்த மாதிரி ஒரு படிவு. ஆய்வக உதவியாளர் கலியமூர்த்தி அண்ணன் பக்கத்தில் நின்றார். கோட்டுச்சேரிக்காரர். என்னைவிட ஐந்து வருட சர்வீஸ் கூடுதல்.

"என்னங்க டீச்சர், இப்படி ஆயிடுச்சு?"

"நீராற்பகுப்பு அண்ணே. ஒண்ணும் இல்ல. அமிலம் விட்டா தெளிஞ்சுடும்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். நீராற்பகுப்பில் உப்பு நீரோடு சேர்ந்து கலங்கும். எந்த எண்ணும் மாறாது. அமிலம் விட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். நான் சொன்னது நடந்திருந்தால் நான் செய்ததும் சரி. ஆனால் இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் அமிலம் இல்லாமல் கிடந்த புட்டியில் வேறொன்றும் நடந்திருந்தது. காற்றிலிருந்த ஆக்சிஜன் இரும்பின் ஒரு பகுதியை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏற்றிவிட்டிருந்தது. அந்த மூன்றுதான் கலங்கலாகத் தெரிந்தது. அமிலம் விட்டால் கலங்கல் போகும், மூன்று இரண்டாகாது. ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு எண் எழுதிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாணவிகளிடம் ஆயிரம் முறை கேட்டதை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அமிலத்தை விட்டேன். கரைசல் கண்ணாடி மாதிரி தெளிந்தது. எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

"தெளிஞ்சுடுச்சு டீச்சர். ஆனா லேசா மஞ்சளடிக்குதே?" என்றார் கலியமூர்த்தி அண்ணன்.

"பழைய உப்பு அண்ணே. விடுங்க."

மறுபடியும் ஒரு முறை அளந்து பார்த்திருக்கலாம். பத்து நிமிட வேலை. அதற்குள் வெளித்தேர்வாளர் வாசலில் வந்து இறங்கிவிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வரவேற்கப் போனேன்.

இங்கே உங்களிடம் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தேர்வு தொடங்குமுன் பிள்ளைகளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, கடைசி நேர அறிவுரை சொல்வோம். ஹால் டிக்கெட் எடுத்துக்கோ, துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கோ, அமிலத்தை வாயால் உறிஞ்சாதே. அந்த அறிவுரையோடு அறிவுரையாக, "இருபதுக்குப் பக்கத்துல வரும், வரலன்னா மறுபடி பாருங்க" என்றும் ஒரு வரி போகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவரிடம் இதை எடுத்துக்கொண்டேன். இது தப்பில்லையா சார் என்று அவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இந்தப் புள்ளைங்க வீட்டுல சொல்லிக் குடுக்க யாரும்மா இருக்கா? பொழச்சுப் போவட்டும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நானும் கெட்ட எண்ணத்தில் அதைச் சொல்லவில்லை. பாதிப் பிள்ளைகளின் வீடுகளில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பைப் பார்த்தவர்கள் அவர்களே. கைநடுங்கி அரை மில்லி தப்பினால் ஒரு வருட உழைப்பு போய்விடுமே என்ற பரிதாபம். அன்றும் சொன்னேன். இருபத்து நான்கு தலைகள் ஆடின.

அந்த இருபத்து நான்கில் ஒருத்தி சங்கரி. கருக்களாச்சேரிப் பெண். அப்பா படகில் போகிறவர், அம்மா கூடை வைத்து மீன் விற்கிறவர். முந்தின நாள்தான் அவர்கள் ஊர்ச் சாமி கடலுக்குப் போய் வந்திருந்தது, நெற்றியில் குங்குமம் இன்னும் கலையாமல் வந்திருந்தாள். அரசு செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் அடுத்த மாதமே அம்மாவோடு மீன் ஏலக்கூடத்துக்கு என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளே சொல்லியிருக்கிறாள், குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். அந்த இடம் மதிப்பெண் வரிசையில் கிடைப்பது. செய்முறைத் தேர்வில் நான்கைந்து மதிப்பெண் போனால் வரிசையில் எங்கேயோ போய் நிற்க வேண்டியிருக்கும்.

தேர்வு அமைதியாக நடந்தது. வெளித்தேர்வாளர் வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து வந்தவர். அதிகம் பேசாதவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்தை முகர்ந்து பார்ப்பது போலப் படிப்பார். முடித்த தாள்களை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினார். இருபது புள்ளி ஒன்று. இருபது. இருபது புள்ளி இரண்டு. இருபது புள்ளி ஒன்று. எனக்கு மனசு குளிர்ந்தது. முடித்த பிள்ளைகள் வெளியே வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்டது.

கடைசியாக வந்த தாளில் அவர் நின்றுவிட்டார்.

"இங்க வாம்மா. எல்லாருக்கும் இருபது வருது. உனக்கு மட்டும் என்ன பதினெட்டு புள்ளி ஒம்பது?"

சங்கரி வந்து மேசை முன்னால் நின்றாள். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"மூணு தடவ பார்த்தேன் சார். மூணு தடவையும் அதான் வந்துச்சு."

"பர்மாங்கனேட் கறுப்பா இருக்கும். மேல் விளிம்பத்தான் பார்க்கணும். கீழ் விளிம்பப் பார்த்தியா?"

"இல்ல சார். மேல் விளிம்புதான்."

அவர் கடுமையாகப் பேசவில்லை. இதை நான் சொல்லியாக வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நேரம் இருக்கு. வேணும்னா இன்னொரு தரம் பார்த்து மாத்தி எழுதும்மா" என்றார். யாரும் செய்யாத உபகாரம் அது.

"எனக்கு வந்தத தானே சார் எழுதணும்?"

அதில் திமிர் இல்லை. உண்மையாகவே கேட்டாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"சரி. அப்போ ஏன் கொறஞ்சுதுன்னு நீயே சொல்லு. இதையே வாய்மொழிக் கேள்வியா வச்சுக்கறேன்."

சங்கரி ஒரு காகிதத்தை எடுத்து இரும்பு என்று எழுதி, அதன் தலைமேல் கூட்டல் இரண்டு போட்டாள். ஓர் அம்புக்குறி. அந்தப் பக்கம் கூட்டல் மூன்று.

"புட்டில இருந்த இரும்புல கொஞ்சம் முன்னாடியே மூணா ஆயிருக்கு சார். பர்மாங்கனேட் ரெண்டுல இருக்கற இரும்போடதான் சேரும். அது கொறஞ்சா இதுவும் கொறையும்."

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"பையை வக்க வந்தப்ப சன்னல் வழியா பார்த்தேன் சார். கலங்கலா இருந்துச்சு. அப்புறம் பார்த்தா தெளிவா இருந்துச்சு."

"அது நீராற்பகுப்பு. அமிலம் விட்டா சரியாயிடும். அதுல எண்ணே மாறாதும்மா."

நான் காலையில் சொன்ன அதே வாக்கியம். அவரும் நானும் ஒரே மாதிரிப் படித்தவர்கள்தானே.

அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நீராற்பகுப்பு மட்டும்னா, அமிலம் விட்டதும் எல்லா இரும்பும் பழையபடி ரெண்டாவே இருந்திருக்கும் சார். இருபதுதான் வந்திருக்கும். வரலியே."

வினையை வகைப்படுத்துவது எப்படி என்று கேட்டீர்களே, இதுதான். பெயரிலிருந்து எண்ணுக்குப் போகாமல், கையில் கிடைத்த எண்ணிலிருந்து பெயருக்கு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல என் மனதில் அந்த மாலை திரும்ப ஓடியது. குடுவை, தலைமையாசிரியை கூப்பிட்டது, பஸ். புட்டியில் அமிலம் விடவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெளித்தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "புட்டில காலைல ஏதாச்சும் சரி பண்ணீங்களா மேடம்?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் இரண்டு விநாடி இருக்கும். அதற்குள் என் மூளை எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டது என்று நினைத்தால் இன்றைக்கும் வெறுப்பாக இருக்கிறது. ஆமாம் என்றால் புட்டி கெட்டது என்று ஆகும். புட்டி கெட்டது என்றால், அந்தப் புட்டியிலிருந்து இருபது யாருக்குமே வந்திருக்க முடியாது. இருபது என்று எழுதிய இருபத்து மூன்று பேரும் பொய் எழுதியவர்கள். அந்தப் பொய்யை அவர்களுக்குச் சொன்னவள் யார் என்பது அடுத்த கேள்வி. இல்லை என்றால் ஒரே ஒருத்திக்குத்தான் கைதவறியது. இருபத்து மூன்றா, ஒன்றா? என் பெயரையும் சேர்த்தால் இருபத்து நான்கா, ஒன்றா?

"இல்லையே சார். எப்பவும் போலத்தான்" என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. நீங்கள் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

அவர் தலையாட்டிவிட்டுப் பென்சிலை எடுத்தார். சங்கரி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது குழப்பம். டீச்சரே எப்பவும் போலத்தான் என்கிறார்கள், அப்படியானால் நாம்தான் எங்கேயோ தப்பு செய்திருக்கிறோம் என்ற குழப்பம். "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள். தன் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவைத் திறந்து, பதினெட்டுப் புள்ளி ஒன்பதின் மேல் கோடு இழுக்கக் குனிந்தாள்.

அவள் கண் சரியாகப் பார்த்தது. கை சரியாகச் செய்தது. மூளை எங்கள் இரண்டு பேரையும் விடச் சரியாக யோசித்தது. அத்தனையையும் ஒரு கோட்டில் அடித்துவிடப் போகிறாள், நான் ஒரு வாக்கியம் பொய் சொன்னதால். நான் சொல்லிக் கொடுத்ததிலேயே உருப்படியாக ஒருத்திக்குப் போய்ச் சேர்ந்ததை நானே அவளிடமிருந்து பிடுங்குகிறேன்.

"அடிக்காத சங்கரி" என்றேன். சத்தமாக வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் குடுவை கழுவிக்கொண்டிருந்த கலியமூர்த்தி அண்ணன் குழாயை நிறுத்தினார்.

"சார், அந்தப் பொண்ணு சொல்றது சரி. புட்டில அமிலம் விட மறந்தது நான். காலையில கலங்கி இருந்தத அமிலம் விட்டுத் தெளிய வச்சதும் நான். இப்ப நீங்க கேட்டப்ப இல்லன்னு சொன்னது பொய்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். எழுந்தார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு தானே பிப்பெட்டை எடுத்துப் புட்டியிலிருந்து இருபது மில்லி உறிஞ்சினார். தானே சொட்டு விட்டார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இளஞ்சிவப்பு நின்றது. மேல் விளிம்பைப் பார்த்தார். இன்னொரு முறை செய்தார்.

"பதினெட்டு புள்ளி ஒம்பது" என்றார். சங்கரியைப் பார்த்து, "நீ போயி சாப்பிடும்மா. உன் தாளுக்கு முழு மார்க்" என்றார்.

அவள் போன பிறகு அவர் அந்த இருபத்து மூன்று தாளையும் முன்னால் இழுத்துக்கொண்டார். "இவங்களுக்கு இருபது எப்படி மேடம் வந்துச்சு?"

தாழ்வாரத்தில் நான் சொன்ன ஒரு வரியைச் சொன்னேன். பிள்ளைகள் மேல் தப்பில்லை, என் மேல் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வெளியே பார்த்தார். மரத்தடியில் பிள்ளைகள் முந்தின நாள் திருவிழாவைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "எங்க பள்ளிக்கூடத்துலயும் இந்த வழக்கம்தான். நானும் சொல்லுவேன்" என்றார். அப்புறம் தாள்களைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பிள்ளைகள் ரஃப் வேலை செய்யும் பக்கம் அது. அதை நாங்கள் யாரும் எப்போதும் பார்ப்பதில்லை.

முதல் தாள்: பதினெட்டு புள்ளி எட்டு, பதினெட்டு புள்ளி ஒன்பது, பதினெட்டு புள்ளி ஒன்பது. மூன்றின் மேலும் ஒரு கோடு. பக்கத்தில் இருபது. இரண்டாவது தாள், அதேதான். மூன்றாவதில் அழிப்பானால் தேய்த்துக் காகிதமே கிழிந்திருந்தது, அதற்கடியில் பதினெட்டு தெரிந்தது. நாங்கள் தாளைத் திருப்பிக்கொண்டே போனோம். இருபது தாள்களில் பிள்ளைகள் சரியாகத்தான் செய்திருந்தார்கள். செய்ததை அடித்துவிட்டிருந்தார்கள். மூன்று தாள்களில் மட்டும் அடித்தல் எதுவும் இல்லை. அளக்காமலே இருபது என்று எழுதியவர்கள் அவர்கள். அந்த மூன்று பேரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டு, புதிதாகக் கரைசல் போட்டு மறுபடி செய்ய வைத்தார். அதில் ஒருத்திக்குப் பியூரெட்டில் காற்றுக்குமிழியை எடுக்கக்கூடத் தெரியவில்லை. அவளுக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்தது. அதுவும் என் கணக்கில்தான் சேரும். விடையைத் தேர்வன்று டீச்சரே சொல்லிவிடுவார் என்று வருடம் முழுக்கத் தெரிந்தவளுக்குக் குமிழியை எடுக்க என்ன அவசியம்?

மற்ற இருபது பேருக்கும் அடித்த எண்ணையே விடையாக எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடுவதென்று அவர் முடிவு செய்தார். அப்படிச் செய்ய வேண்டுமானால் மேலே அறிக்கை எழுத வேண்டும். என்ன நடந்தது, யார் பொறுப்பு, விடை ஏன் அடிக்கப்பட்டது, எல்லாம். என்னைப் பற்றிய பகுதியை நானே சொன்னேன், அவர் எழுதினார். குறிப்பாணை அதனால்தான் வந்தது, வர வேண்டியதுதான். புட்டிக்குச் சொந்தக்காரி நான் என்று முதல் கேள்வியிலேயே சொல்லியிருந்தால், இதே குறிப்பாணையைக் கொஞ்சம் நிமிர்ந்து நின்று வாங்கியிருப்பேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். கரைசல் கெடுவது யாருக்கும் நடக்கும். கெட்டதைத் தெளிய வைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று உட்கார்ந்திருப்பதுதான் நம்முடைய தொழிலில் வரும் வியாதி.

அறிக்கையில் ஒரு வரி மட்டும் மீதி இருந்தது. மாணவிகள் விடையை அடித்ததற்கான காரணம். அதை ஒரு மாணவியிடமே கேட்டு எழுதுவதுதான் முறை என்றார். கதவுக்குப் பக்கத்தில் இருந்தவள் ரம்யா. கோட்டுச்சேரியிலிருந்து வருகிறவள், நடுத்தரமாகப் படிக்கிறவள், வகுப்பில் கடைசி பெஞ்சு. கையில் எலுமிச்சைச் சாத வாசனையோடு உள்ளே வந்தாள்.

அவர் தாளின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். "இது நீ பார்த்த அளவுதானே?"

"ஆமா சார்."

"மூணு தடவ பார்த்திருக்க. மூணும் சரியா இருக்கு. அப்புறம் ஏம்மா அடிச்ச?"

ரம்யா என்னைப் பார்த்தாள். இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல ஒரு சின்னச் சிரிப்பு.

"டீச்சர் இருபதுன்னு சொன்னாங்க சார். டீச்சர் தப்பா சொல்ல மாட்டாங்க."

அவர் அவளைப் போகச் சொன்னார். காரணம் என்ற இடத்தில் அவள் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார்.